ஆச்சுங்க என்று சொன்ன மெஷின்

கணபதியில் எங்கள் தெருமுனையில் ஒரு செல்போன் கடை உண்டு. போன வாரம் போயிருந்தேன். நெஞ்சு டாக்டரைப் பார்க்க டோக்கன் வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் இனிமேல் டோக்கனைப் போனில்தான் போட வேண்டுமாம். அதற்கான ஆப் என் போனில் ஏறமாட்டேன் என்கிறது.

கடைக்காரருக்கு முப்பது வயசு இருக்கும். போனை வாங்கி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முதலில் துடைத்தார். துடைத்துவிட்டு நோண்டினார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இது ஏத்துக்காதுங்ணா. ஆப்பு புதுசு, போன் பழசு. அது கேக்கறது இதுக்குத் தெரியாதுங்க."

"தெரியாட்டி, தெரிஞ்சதை வெச்சு ஒப்பேத்த முடியாதுங்களா?"

"போனாலயா?" சிரித்தார். "புதுசா ஒண்ணு வாங்கிப்போடுங்ணா. உங்களுக்கும் டென்சன் இல்ல, எனக்கும் இல்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அங்கிருந்து நகர முடியவில்லை. ஸ்பிரிட் வாசம். ஒரு காலத்தில் தினமும் காலை எட்டு மணிக்கு என் மூக்கில் ஏறிய வாசம்.

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அழகாகச் சொல்ல எனக்கு வராது. வந்தவரைக்கும் சொல்கிறேன்.

நான் மில்லில் ப்ளோரூமில் இருந்தேன். பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினில் போடுகிற இடம். மெஷின் பஞ்சை அடித்து உதறும். குப்பை கீழே விழும். தூசி மேலே போகும். நடுவில் நாங்கள் நிற்போம். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சு இறுகும். செவ்வாய் கொஞ்சம் தேவலை. சனிக்கிழமை நன்றாக இருக்கும். அதற்குள் ஞாயிறு வந்துவிடும். திங்கட்கிழமை இருமல் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தோம். நான் அங்கே நான்கு வருசம் இருந்தேன். நாலாவது வருசம் என்னுடைய திங்கட்கிழமை இருமல் வியாழன் வரை வந்தது.

அந்த வருசம்தான் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. லாரியில் வந்தது. பீரோ பீரோவாக ஒன்பது பெட்டி. இறக்க ஆள் கேட்டார்கள், போனேன். அந்த அறையில் தரைக்கு மேல் இன்னொரு தரை போட்டு, அடியிலிருந்து குளிர்காற்று வரும்படி செய்திருந்தார்கள். முதலாளி அறையில்கூட அப்போது ஏசி கிடையாது. கணக்கைப் பதிகிற டேப் ஓடுகிற இடத்தைத் துடைக்கப் பஞ்சு வேண்டும் என்றார்கள். மில்லில் பஞ்சுக்கா குறை. ப்ளோரூமிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த அம்மணி பதறிப்போனார்.

"அண்ணா, இதுல இருக்கற தூசிக்கு மெஷினே செத்துப்போயிரும். மெடிக்கல் கடைப் பஞ்சு வேணுங்க."

மெஷின் செத்துப்போகும் என்று அந்தப் பஞ்சைத் திருப்பி அனுப்பினார்கள். அதே பஞ்சுக்குள் நாங்கள் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். அதை நான் சொல்லவில்லை. மெடிக்கல் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். துடைத்தும் கொடுத்தேன். நாளைக்கும் வரச் சொன்னார்கள். அப்படியே இருந்துவிட்டேன். இரண்டு மாசத்தில் இருமல் நின்றது.

அந்த அம்மணி பெயர் ஸ்டெல்லா. ஊர் கருமத்தம்பட்டி. மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருடைய அப்பா எங்கள் மேனேஜர் பொன்னுச்சாமியின் சொந்தக்காரர் ஒருவரின் தோட்டத்தில் பண்ணை வேலை பார்த்தவர். மேனேஜருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது ஸ்டெல்லாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

மெஷினை ஓட்டுகிறவருக்கு ஆபரேட்டர் என்று பெயர். பட்டப்படிப்பு வேண்டும் என்று விதி. அந்த வேலை மேனேஜரின் தங்கை மகன் செல்வராஜுக்குக் கிடைத்தது. நல்ல மனுசர். காலையில் வந்து லாக் புக்கில் கையெழுத்துப் போடுவார். நாளைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார். டேப் மாட்டுவது, பிரின்டருக்குத் தாள் போடுவது, கன்சோல் டைப்ரைட்டரில் மெஷின் கேட்கிற கேள்விக்குப் பதில் அடிப்பது எல்லாம் நான்.

நான் எட்டாவது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். மெஷின் அடிக்கிற வரியின் முதல் நாலு எழுத்தை அதில் எழுதி, பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதியிருப்பேன். 'இது வந்தால் சிவப்பு டேப்பை மாட்டு.' 'இது வந்தால் Y அடி.' 'இது வந்தால் அம்மணியைக் கூப்பிடு.' மில்லின் ஆள் பதிவேட்டில் என் பெயர் ப்ளோரூமில்தான் இருந்தது. அதை மாற்றினால் படிப்பைக் கேட்பார்கள். யாரும் மாற்றவில்லை. மெஷினுக்கு ஒரு பட்டதாரி வேண்டும், அந்த இடத்தில் நான் இருந்தேன், மெஷினுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மெஷினும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

அது பெரிய கம்பெனியின் மெஷின் இல்லை. பெரிய கம்பெனியின் மெஷின் என்னவெல்லாம் செய்யுமோ அதெல்லாம் இதுவும் செய்யும் என்று வேறொரு கம்பெனி செய்து விற்றது. கம்பேட்டிபிள் என்பார்கள். பம்பாயில் யாரோ ஓட்டிவிட்டுத் தள்ளியதை எங்கள் மில் வாங்கியிருந்தது. மூன்று வருசம் சொன்னதைக் கேட்டது. பிறகு பெரிய கம்பெனி தன்னுடைய புது மெஷினில் சில புது ஆணைகளைச் சேர்த்தது. அந்த ஆணைகளை வைத்தே மெஷினை இயக்குகிற புது சிஸ்டம் டேப்பும் போட்டது. பழைய டேப்புக்கு இனி யாரும் பொறுப்பில்லை என்று கடிதம் வந்தது. புது டேப்பை மாட்டினோம். மெஷின் அரை நிமிசம் ஓடியது. தனக்குத் தெரியாத ஆணை வந்ததும், தெரியாது என்று ஒரு நம்பரை அடித்துவிட்டு நின்றுவிட்டது.

சென்னைத் தலைமை ஆபீசுக்குச் செய்தி போனது. ஒரு நிபுணரை அனுப்புகிறோம், அவர் முன்னால் புது டேப் ஓட வேண்டும், எங்கள் உற்பத்திக் கணக்கு ஒரு ஷிஃப்டுக்குள், எட்டு மணி நேரத்தில், முடிய வேண்டும் என்று பதில் வந்தது. ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டர் சென்டரை மூடிவிட்டு வேலையைச் சென்னைக்கு மாற்றிவிடுவார்கள். மேனேஜரை மில் ஆபீசுக்கு மாற்றுவார்கள். ஸ்டெல்லாவுக்கு வேறு இடம் கிடைக்கும். செல்வராஜுக்குத் தோப்பு இருந்தது. எனக்கு எந்த உத்தரவும் தேவையில்லை. என் பெயர் ஏற்கெனவே ப்ளோரூமில் இருந்தது. நடந்து போனால் போதும், முந்நூறு அடி.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இருமினேன். புரையேறியதுதான். ஆனாலும் என் சம்சாரம் சோற்றைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள்.

ஸ்டெல்லா ஒரு மாசம் மேசையை விட்டு எழவில்லை. பெரிய கம்பெனியின் புத்தகம் ஒன்றை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். என்ன எழுதுகிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்களுக்குப் பெருக்கல் கணக்குத் தெரியாதுன்னு வெய்ங்கண்ணா. கூட்டல் மட்டுந்தான் தெரியும். ஏழ எட்டால பெருக்குன்னா என்ன செய்வீங்க?"

"எனக்குப் பன்னண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியுங்க."

"ஐயோ, சும்மா வெச்சுக்குங்க."

"எட்டு தடவை ஏழைக் கூட்டுவேன்."

"அதேதான். மெஷினு தெரியாதுன்னு சொல்லி நிக்கப் போற எடத்துல நான் குறுக்க நிப்பேன். என்ன கேட்டாங்கன்னு பாப்பேன். அதுக்குத் தெரிஞ்ச பழைய வேலையை வெச்சே பத்துத் தடவை, இருவது தடவை செஞ்சு, விடையைக் கையில குடுத்து அனுப்பிப்போடுவேன். கேட்டவங்களுக்கு நடுவுல இத்தன நடந்ததே தெரியாது."

"நேரமாகுமே."

"ஆகும். அது ஒண்ணுதான் காட்டிக் குடுக்கும்."

என்னுடைய நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். அம்மணியைக் கூப்பிடு என்று எழுதிய பக்கத்தில் சிரித்தார். "நானும் இதைத்தானுங்கண்ணா எழுதிட்டு இருக்கறேன். ஆனா எனக்கு யாரைக் கூப்புடறதுன்னுதான் தெரியல" என்றார்.

புது டேப் ஓட ஆரம்பித்தது. கணக்கு முடிய முதலில் பதினோரு மணி நேரம் ஆனது. எந்த ஆணை அதிகமாக வருகிறது என்று எண்ணிப் பார்த்து அதைச் சுருக்கினார். ஒன்பது ஆனது. பிறகு எட்டேகால். அப்புறம் எட்டுக்குள் வந்தது. மேனேஜர் காரில் மருதமலை போய் வந்தார். அந்தக் கால் மணி முருகன் கொடுத்தது என்றார்.

வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. மேனேஜருக்கு ஒரு சந்தேகம்.

"ஏனம்மணி, உம்பட புத்தகத்துல இல்லாத ஆணை ஏதாச்சும் வந்துட்டா?"

"நின்னுருமுங்க சார். தெரியாதுன்னு சொல்லும்."

"சென்னைக்காரரு முன்னாடியா? ஒறம்பரை வந்த ஊட்டுல இல்லைன்னு சொல்லுவமா? தெரியாததுக்கும் ஆச்சுன்னு சொல்லச் சொல்லிப்போடு."

"செய்யாம ஆச்சுன்னு சொன்னா தப்புங்க சார்."

"அட, வராதுங்கறேன். வந்தாத்தான?"

எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். விருந்தாளியாக வந்தவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது. தறி மாஸ்டரிடம் துணி கேட்டால் ஏற்றியாச்சுங்க என்பார், நூலே வந்திருக்காது. கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்திருக்கும், வருதுங்க வருதுங்க என்று வாளியோடு நடந்துகொண்டே இருப்பார்கள், நீங்கள் எழுந்து கை கழுவுகிறவரை. யாரையும் ஏமாற்றுவதற்காக இல்லை. மரியாதை. மேனேஜர் அந்த மரியாதையை மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். ஸ்டெல்லா ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போட்டார். பிறகு ஒரே ஒரு வரி சேர்த்தார். சேர்த்துவிட்டு வெளியே போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

சென்னைக்காரர் வந்தார். ஒல்லியான ஆள். அரைக்கைச் சட்டை. தோளில் துணிப்பை, அதில் ஒரே ஒரு டேப். முதல் நாள் எங்கள் வேலையை ஓட்டச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். செல்வராஜ் டை கட்டி கன்சோல் முன்னால் உட்கார்ந்திருந்தார். டேப் எடுத்துக் கொடுக்கிறவன் என்று நான் பக்கத்தில் நின்றேன். மெஷின் கேட்கும்போது நான் தொண்டையைச் செருமுவேன். ஒரு செருமல் என்றால் Y. இரண்டு என்றால் N. ஒருமுறை எனக்கு நிஜமாகவே தொண்டை கரகரத்தது. அன்றைக்கு நாற்பது பக்கம் கூடுதலாக பிரின்ட் ஆனது.

எட்டு மணி நேரம் ஆகப் பத்து நிமிசம் இருக்கும்போது வேலை முடிந்தது. மேனேஜர் மெஷினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை சென்னைக்காரர் தன் டேப்பை எடுத்தார். மாட்டினேன். ஓடியது. தாள் வந்தது. அவர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பிரமாதம் சார். எந்த மெஷினும் செய்யாததை உங்க மெஷின் செஞ்சிருக்கு."

மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. "நம்ம மெஷின் அப்படித்தானுங்க. இல்லைங்கற பேச்சே கெடையாது."

"அதான் பார்க்கறேன். அந்த டேப்ல ஒரு ஆணை வச்சிருந்தேன். அது உலகத்துல எந்த மெஷின்லயும் கிடையாது. நானே சும்மா ஒரு நம்பரைப் போட்டது. பெரிய கம்பெனி மெஷினா இருந்தா தெரியாதுன்னு நின்னிருக்கும். உங்களுது ஆச்சுங்குது."

மேனேஜர் டீ சொல்லட்டுங்களா என்றார். எனக்கு ப்ளோரூம் வாசல் கண்ணில் தெரிந்தது. மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், நெஞ்சு இன்னும் நன்றாக இருக்கிறதா என்று.

ஸ்டெல்லாதான் பேசினார். மேனேஜரைப் பார்க்கவில்லை.

"அந்த ஒரு பதில் பொய்ங்க சார். மத்ததெல்லாம் நெசமாவே செஞ்சுதான் விடை குடுக்குது. அந்த வரியை நான் சேர்த்திருக்கக் கூடாது."

"யார் சேர்க்கச் சொன்னது?"

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"எழுதினது நானுங்க" என்றார் ஸ்டெல்லா.

சென்னைக்காரர் ஸ்டெல்லா எழுதியதைக் கேட்டு வாங்கினார். ஒரு மணி நேரம் படித்தார். பென்சிலால் ஒரு வரியைக் குறுக்கே கோடு போட்டுக் கொடுத்தார். "இதை எடுத்துட்டு ஏத்துங்க. என் டேப்பை மறுபடி போடுங்க. ஆபரேட்டர், நீங்க பண்ணுங்க."

செல்வராஜ் எழுந்தார். சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்ற எட்டுப் படி இருக்கிறது. அவர் டையைச் சரிசெய்தார். அதற்கு மேல் ஒரு படியும் அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார். செருமலில் அடங்குகிற விசயமில்லை. நான் போய் ஏற்றினேன். எட்டுப் படியும். டேப்பை மாட்டினேன்.

மெஷின் ஓடியது. ஓடியது. பிறகு டைப்ரைட்டர் ஒரு நம்பரை அடித்து நின்றது. தெரியாது.

ஒரு மெஷின் நின்றதற்காக மனுசர்கள் அவ்வளவு சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் நிஜமாகவே டீ சொல்லி அனுப்பினார்.

"இப்பதான் நம்பிக்கை வருது" என்றார் சென்னைக்காரர். அறிக்கைத் தாளை எடுத்தார். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

இரண்டு நாளாக அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எழுதிக்கொள்வார். எழுதினால் படிப்பைக் கேட்பார்கள்.

"ஆபரேட்டரு அவருங்க. நான் டேப்பு எடுத்துக் குடுக்கறவன்."

அவர் மெஷினிடம் சோதித்ததை என்னிடம் சோதிக்கவில்லை. செல்வராஜ் பெயரை எழுதினார். திறமையானவர் என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். அன்றைக்கு மெஷினிலிருந்து ஒரு பொய்யை எடுத்தோம். மனுசரில் இருந்தது அப்படியே ஓடியது.

அந்த ஒரு வார்த்தையைக் காட்டி செல்வராஜுக்கு வளைகுடாவில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. ஏர்மெயில் கவர் வர ஆரம்பித்தது. "அண்ணா, இந்த நாலு எழுத்து வந்தா என்ன செய்யறதுங்க?" நோட்டைப் பார்த்து எழுதிப் போடுவேன். போக பத்து நாள், வர பத்து நாள். அங்கே அந்த மெஷின் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் கேட்கவில்லை. மூன்று வருசம் ஓட்டினார். திரும்பி வந்து பெருந்துறையில் கம்பெனி வைத்தார். இப்போது பார்த்தாலும் கார் நிறுத்தி இறங்கிப் பேசுவார்.

மெஷின் இன்னும் எட்டு வருசம் இருந்தது. பிறகு எடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். லாரியில் ஏற்றவும் நான்தான் போனேன். சின்ன கம்ப்யூட்டர்கள் வந்தன, ஏசி இருந்தது, நானும் இருந்தேன். கடைசியில் சென்டரை மூடும்போது மில்லையே மூடினார்கள். திரும்பிப் போகச் சொல்ல ப்ளோரூம் இல்லை. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடு. ஸ்டெல்லா பெங்களூர் போனார், அங்கிருந்து வெளிநாடு. கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும். சில வருசமாக வருவதில்லை. கடைசி அட்டையில், "அண்ணா, நோட்டு பத்திரமா?" என்று கேட்டிருந்தார். பத்திரம் என்று எழுதினேன். வீடு மாறியபோது கரையான் தின்றுவிட்டது.

கடைக்காரர் கொடுத்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கே போனேன். போன் ஏத்துக்கலைங்க என்றேன். கவுன்டரில் இருந்த பிள்ளை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் சொந்தப் போனில் என் பெயரைப் போட்டு டோக்கன் எடுத்துக் கொடுத்தது. "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க தாத்தா" என்றது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

டாக்டரம்மா புதுசு. பழைய மில் ஆட்களுக்கு வருசம் ஒருமுறை நடக்கிற சோதனை இது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். மறுபடி எக்ஸ்ரே.

"ப்ளோரூம்ல இருபத்தாறு வருசம்னு இருக்குதுங்களே. நெஞ்சு இவ்வளவு சுத்தமா இருக்கு. எப்படிங்க? என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்தேன். முதலிலிருந்து சொன்னால் வெளியே இருப்பவர்களுக்கு நேரமாகும்.

"கொள்ளு ரசமுங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் சோதனை நாளில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. ப்ளோரூம் ஆட்கள் மட்டுமே இரண்டு பெஞ்சு நிறைய இருப்போம். இருமல் சத்தத்தில் நர்ஸ் கூப்பிடுவது கேட்காது. ஏசி ரூம் துரை வந்துட்டாருடா, தள்ளி உக்காருங்க என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். இந்த வருசம் நான் உள்ளே போகும்போது நர்ஸ் மெதுவாகத்தான் கூப்பிட்டார். கேட்டது. என் பெயருக்கு அப்புறம் கூப்பிட ப்ளோரூம் ஆட்களின் தாளில் வேறு பெயர் இல்லை.